பியெர்க்கெலியின் வெண்கல ஊக்கு

நிலூஜா தோண்டிய சதுரக் குழியில் வெண்கல ஊக்கு கிடைத்தது ஒரு புதன்கிழமை காலை. மண் சுரண்டும் சாந்தகப்பையின் நுனி எதிலோ உரசியது. கல் என்றுதான் முதலில் நினைத்தாள். விரலால் மண்ணை விலக்கியபோது பச்சை படர்ந்த ஒரு வளையம் தெரிந்தது. அதன் குறுக்கே ஓர் ஊசி. எழுநூறு வருடங்களுக்கு முன் யாரோ பெரிய வீட்டுப் பெண் மேலங்கியைப் பூட்டிக்கொண்ட ஊக்கு என்று, அகழாய்வை நடத்தும் யூலியா மண்டியிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். சுற்றி நின்ற இருபது பேரும் கை தட்டினார்கள்.

ஒஸ்லோவில் ஹவுகெட்டோ ரயில் நிலையத்துக்கு மேலே, பிர்ச் மரங்கள் நிற்கும் அந்தச் சரிவுக்குப் பியெர்க்கெலி என்று பெயர். பழைய காலத்தில் அங்கே ஒரு பிரபுவின் பண்ணை மாளிகை இருந்ததாக ஊரில் கதை உண்டு. கதையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. இப்போது ஒரு நிறுவனம் அந்த நிலத்தில் அடுக்குமாடி கட்ட அனுமதி கேட்டிருந்தது. ஊர்ச் சனங்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு வாரம் தோண்டிப் பார்ப்பது, மாளிகையின் தடயம் அகப்பட்டால் நிலத்தைக் காப்பது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது. நிலையத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்து நிலூஜாவும் பெயர் கொடுத்தாள். பதினான்கு வயதில் தாயோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், இருபத்து நான்கு வருடங்களாகப் பேருந்து யன்னலால் பார்த்த சரிவு அது. உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டாள். அதற்குமேல் காரணம் ஒன்றுமில்லை.

அவளுக்கு மருத்துவமனையில் வேலை. அறுவைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவு. கத்தரியின் மூட்டில், இடுக்கியின் பல்லுக்குள் ஒரு துளி அழுக்கோ ஒரு பஞ்சுத் துணுக்கோ ஒட்டியிருந்தால் முழுத் தட்டையும் திருப்பி அனுப்புவார்கள். பதினோரு வருடமாக அந்தத் துணுக்குகளைத் தேடியே பழகிய கண். அதனால்தான் யூலியா கூடாரத்துக்குள் ஊக்கை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, "எடுத்தவர் நீங்கள், நீங்களே பாருங்கள்" என்றபோது, மற்றவர்கள் பார்க்காத ஒன்று அவள் கண்ணில் பட்டது. ஊசி வளையத்தோடு சேரும் இடத்தில் மயிர் போல ஒரு நீல நூல்.

எழுநூறு வருடம் மண்ணில் கிடந்த நூல் இப்படிப் பளிச்சென்று நீலமாக இருக்குமா? இடுக்கியால் மெல்ல எடுத்தாள். வேலையிடத்துப் பழக்கத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் திகதி எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். யூலியாவிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் செய்தியாளர் வந்துவிட்டார். ஊக்கைக் கையில் ஏந்தி நிற்கச் சொன்னார்கள், நின்றாள். படம் எடுத்தார்கள்.

வீட்டுக்குப் பேருந்தில் போகும்போது வேறொன்றும் நினைவுக்கு வந்தது. செவ்வாய் பின்னேரம் அந்த மூலையை அவள் மஞ்சள் களிமண் வரைக்கும் சுரண்டி முடித்திருந்தாள். கை வலிக்க வலிக்கச் சுரண்டிய இறுக்கமான களி. ஊக்கு கிடந்த இடத்திலோ மண் பொலபொலவென்று இருந்தது.

மோர்டென்ஸ்ருட்டில் உள்ள வீட்டில் அவள் கணவன் கபிலன் குசினியில் தொலைபேசியும் கையுமாக நின்றான்.

"அவிசிலை, அதுதான் பேப்பரிலை, உன்ரை படம் வந்திட்டுது. திராமனிலை இருக்கிற மாமி ஆக்களுக்கும் அனுப்பிப்போட்டன். நீ ஏன் செத்த வீட்டுக்குப் போட்டு வந்தவள் மாதிரி நிக்கிறாய்?"

"அது அங்கை கிடந்த சாமான் இல்லை எண்டு நினைக்கிறன்."

"பின்னை?"

"ஆரோ கொண்டுவந்து மண்ணுக்குள்ளை தாட்டு வச்சிருக்கினம்."

கபிலன் தொலைபேசியை மேசையில் வைத்தான். "இதை வேறை ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை."

"சொல்லாதை. சொன்னா முதல்லை ஆரைப் பிடிப்பாங்கள்? எடுத்தவளைத்தான்."

அவள் இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்தாள். யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முகமாக எடுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு முகத்தில் மனம் நின்றது.

பிரதீப் கோயம்புத்தூர்க்காரன். ஒஸ்லோவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. நாற்பது வயது இருக்கும். அவளுடைய சதுரத்துக்கு அடுத்த சதுரம் அவனுடையது. முதல் நாள் அவன், "அந்தக் கரணையைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்று கேட்டபோது அவளுக்கு விளங்கவில்லை. சாந்தகப்பையைத்தான் அப்படிச் சொல்கிறான் என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொன்ன சொல்லைக் கேட்டு அவனும் சிரித்தான். அதோடு சரி. காலையில் முதலில் வருகிறவனும் பின்னேரம் கடைசியாகப் போகிறவனும் அவன்தான். எல்லாச் சதுரங்களையும் படம் எடுத்துக் கணினியில் முப்பரிமாண வரைபடம் செய்வதாகச் சொன்னான். யாரும் கேட்காத வேலை. ஏன் செய்கிறான்?

வியாழக்கிழமை அவனுடைய சதுரத்தில் ஒரு வெண்கலச் சாவி கிடைத்தது.

மறுபடியும் கை தட்டினார்கள். வரலாற்றுச் சங்கத் தலைவர் அல்பேர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுபத்தாறு வயது. அந்த நிலம் ஒரு காலத்தில் அவருடைய குடும்பத்தின் பண்ணை. மாளிகைக் கதையை ஊரில் உயிரோடு வைத்திருந்தவர் அவர். தினமும் எல்லாருக்கும் வாஃபிள் சுட்டுக்கொண்டு வருவார். "நான் சொல்லவில்லையா, இங்கேதான் இருந்தது" என்று அன்றும் ஒவ்வொருவருடைய தோளையும் தட்டிக்கொண்டு போனார்.

நிலூஜா கை தட்டவில்லை. பிரதீப்பின் முகத்தைப் பார்த்தாள். அதில் மகிழ்ச்சி இல்லை. அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதிய இடைவேளையில் தண்ணீர்ப் பீப்பாயடியில் அவனைப் பிடித்தாள்.

"உங்களை ஒண்டு கேக்கவேணும்."

"நானும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"செவ்வாய்க்கிழமை நான் போனாப் பிறகு என்ரை சதுரத்துக்குள்ளை இறங்கினனீங்களோ?"

அவன் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான். "புதன்கிழமை நீங்க விடியக்காலையிலயே வந்து இறங்கினீங்களான்னுதான் நான் கேக்க இருந்தேன்."

"நான் வச்சனான் எண்டு நினைச்சீங்களோ?"

"பேப்பர்ல ஃபோட்டோ வந்துச்சே. நினைக்காம எப்படி?"

அவளுக்கு ஒரு கணம் கையை ஓங்கலாம் போல இருந்தது. அடுத்த கணம், தானும் அதையேதானே இரவு முழுக்கச் செய்தேன் என்று பட்டது. நீல நூலைப் பற்றி அவனிடம் சொன்னாள். அவன் பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்து இரண்டு படங்களைக் காட்டினான். செவ்வாய் மாலை எடுத்ததில் அவளுடைய மூலை மஞ்சளாக, வழுவழுப்பாக இருந்தது. புதன் காலை எட்டே முக்காலுக்கு எடுத்ததில் அதே மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த திட்டு.

"புதன்கிழமை எனக்கு பஸ் தவறிப்போச்சு. ஒன்பதரைக்குத்தான் வந்தனான். லேட்டோ எண்டு நீங்களே கேட்டனீங்கள்."

"ஆமா, கேட்டேன்." அவன் நெற்றியைத் தேய்த்தான். "அப்ப நீங்க இல்ல. ஆனா நான் இல்லைங்கிறதுக்கு என்கிட்ட எந்த சாட்சியும் இல்லையே. முதல்ல வர்றதும் நான், கடைசியில போறதும் நான்."

"நீங்கள் வச்சிருந்தா இந்தப் படத்தை எனக்குக் காட்டுவியளோ?"

அவன் முகம் இளகியது. தளத்தைச் சுற்றி இரவில் பூட்டும் வேலிக்குச் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது, யூலியாவிடமும் அல்பேர்ட்டிடமும். நிலூஜாவும் பிரதீப்பும் யூலியாவைத்தான் சந்தேகித்தார்கள். அவளுடைய வேலை இந்த அகழாய்வோடு முடிகிறது, ஏதாவது பெரிதாகக் கிடைத்தால் நீடிக்கலாம் என்று தேநீர் நேரத்தில் அவளே சொல்லியிருந்தாள். அப்படியானால் யாரிடம் போய் முறையிடுவது?

"எனக்கு விசா புதுப்பிக்கிற நேரம்," என்றான் பிரதீப். "என் பேரு இதுல அடிபடக் கூடாது. அவசரப்படாம பாப்போம்."

அவளால் பொறுத்திருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை முதல் பேருந்தில் தனியாக வந்து இறங்கினாள். ஆறரை மணிக்கே சூரியன் உயர ஏறியிருந்தது. புல்லில் ஈரம். வேலிக் கதவு கொஞ்சம் திறந்து கிடந்தது. யூலியாவை நேருக்கு நேர் கண்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே உள்ளே போனவள், கூடாரத்தின் பக்கத்தில் சாம்பல் நிறத் தொப்பி ஒன்றைக் கண்டு நின்றாள்.

அல்பேர்ட் ஒரு சதுரத்துக்குள் மண்டியிட்டிருந்தார். வலக்கையில் சின்னக் கத்தி. இடக்கையில் மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று திறந்தபடி. கண்ணாடி அவர் கண்ணில் இருந்தது. கூட்டின் உள்ளே நீலத் துணி. அதன் மேல் ஒரு வெண்கல முத்திரை.

அவர் திடுக்கிட்டு எழவில்லை. கூட்டை மூடிவிட்டு, "இவ்வளவு சீக்கிரமா?" என்று நொர்வேஜிய மொழியில் கேட்டார்.

"எங்கேயிருந்து இவை?" என்று அவளும் அந்த மொழியிலேயே கேட்டாள்.

சதுரத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார். அவருடைய தகப்பன் அறுபது வருடங்களுக்கு முன் இந்தச் சரிவில் உழும்போது கலப்பையில் மாட்டி வந்தவை. இத்தனை பழைய பொருள்கள் அரசுக்குச் சொந்தம், கண்டெடுத்தால் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் நிலத்தை உழவிட மாட்டார்கள் என்று தகப்பன் பயந்தார். அலுமாரிக்குள் வைத்துவிட்டார். தாய் செத்த பிறகு அவை அல்பேர்ட்டின் கைக்கு வந்தன.

"இவை பொய்யான பொருள்கள் இல்லை. இந்த நிலத்தில் கிடந்தவை. நான் திருப்பித்தான் வைக்கிறேன்."

"என்னுடைய சதுரத்தில் கிடந்தவை இல்லையே. எங்கே கிடந்தன என்று யூலியாவுக்குக் காட்டுங்கள். அங்கே தோண்டட்டும்."

"காட்டினால் என் அப்பா கள்ளன் என்று எழுதுவார்கள்." அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன நட்டம்? பத்திரிகையில் உங்கள் படம் வந்தது. நிலமும் தப்பும். எல்லாருக்கும் நல்லது."

வாஃபிள் தட்டை நீட்டுகிற அதே குரல். நிலூஜா ஓரடி பின்வாங்கினாள். தன்னுடைய சதுரத்தை அவர் எழுந்தமானமாகத் தெரிவு செய்தாரா, அல்லது யோசித்துத்தான் செய்தாரா? வெளிநாட்டுப் பெண் கண்டெடுத்தால் பத்திரிகைக்காரர் ஓடி வருவார் என்று நினைத்தாரா? பிடிபட்டாலும் பழி அவள் மேல் விழும் என்று நினைத்தாரா? கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயமாக இருந்தது.

"பன்னிரண்டு மணி வரைக்கும் நான் வாய் திறக்க மாட்டேன்," என்றாள். "அதற்குள் நீங்களே யூலியாவிடம் சொல்லுங்கள்."

அவர் தலையசைத்தார். அவள் நம்பினாள், அல்லது நம்பத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு யூலியா அவளைக் கூடாரத்துக்குள் கூப்பிட்டாள். அல்பேர்ட் அங்கே இல்லை. யூலியா உட்காரச் சொல்லவில்லை.

"இன்று காலை ஏழு மணிக்கு முன்னால் நீங்கள் வேலிக்குள் இருந்தீர்களா?"

"இருந்தேன்."

"தனியாகவா?"

நிலூஜாவுக்கு விளங்கிவிட்டது. "யார் சொன்னது?"

"அல்பேர்ட் உங்களைக் கண்டிருக்கிறார். நீங்கள் ஒரு சதுரத்துக்குள் குனிந்து எதையோ புதைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். அவருக்குச் சொல்லவே மனமில்லை." யூலியா குரலை மென்மையாக்கினாள். "எத்தனை மணிக்கு வந்தீர்கள்? எதற்காக? முன்பும் இப்படி வந்திருக்கிறீர்களா?"

அந்தத் தொனி அவளுக்குத் தெரியும். பதினான்கு வயதில், அகதி விசாரணை அறையில் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது. ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார்கள். கேட்கிறவரின் முகம் அன்பாகவே இருக்கும். அன்று தாய் அழுதாள். நிலூஜா அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நூல் கண்டதிலிருந்து காலையில் நடந்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

யூலியா நம்பவில்லை. "இருபது வருடமாக இந்த அகழாய்வுக்காக எழுதி எழுதி அலைந்த மனிதர் அவர்," என்றாள். "அவர் ஏன் அதைக் கெடுக்க வேண்டும்?"

நிலூஜா பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தாள். யூலியா அதைத் தொடாமல் பார்த்தாள். "இது உங்களுடைய உடுப்பு நூலாகவும் இருக்கலாமே."

"பிரதீப்பைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவரிடம் படம் இருக்கிறது."

பிரதீப் வந்தான். யூலியா கேட்டபோது தன்னுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நிலூஜா அவனை ஒரு சொல்லும் கேட்கவில்லை. விசாவும் வீடும் வேலையும் அவன் மனதில் ஓடுவது அவளுக்குத் தெரிந்தது. பிரதீப்பின் நிலைமையில் கபிலன் இருந்திருந்தால் அவனும் இப்படித்தான் நின்றிருப்பான் என்றும் தோன்றியது. வெளியே யாரோ தள்ளுவண்டியைக் கவிழ்த்தார்கள்.

"படம் இருக்கு," என்று தமிழில் அவளைப் பார்த்துச் சொன்னான். பிறகு கணினியைத் திறந்து யூலியாவுக்கு ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக விளக்கினான். செவ்வாய் மாலை. புதன் காலை. அவனுடைய சொந்தச் சதுரத்தின் புதன் மாலை, வியாழன் காலை. எல்லாப் படத்திலும் நேரம் பதிந்திருந்தது. சாவி கிடந்த இடத்திலும் அதே உள்ளங்கை அகலத் திட்டு.

யூலியா நெடுநேரம் பார்த்தாள். எழுந்து வெளியே போனாள். அல்பேர்ட் மேசையடியில் வாஃபிளுக்குச் சர்க்கரைப்பாகு தடவிக்கொண்டிருந்தார்.

"உங்கள் கண்ணாடிக் கூட்டை ஒருமுறை காட்ட முடியுமா?"

அவர் கையைத் துடைத்தார். சட்டைப் பைக்குள் விட்ட கை அங்கேயே நின்றது. சனங்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் கூட்டை எடுத்து யூலியாவின் கையில் வைத்துவிட்டு பக்கத்திலிருந்த மர வாங்கில் உட்கார்ந்தார். முத்திரை உள்ளேயே இருந்தது.

அகழாய்வு ஐந்து நாள் நிறுத்தப்பட்டது. ஊக்கும் சாவியும் முத்திரையும் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்டன. பத்திரிகையில் நாலு வரித் திருத்தம் வந்தது. நிலூஜாவின் பெயர் அதில் இல்லை. ஆனால் திராமன் மாமி தொலைபேசி எடுத்து, "உண்மையா என்ன நடந்ததெண்டு எனக்காவது சொல்லு பிள்ளை" என்று கேட்டாள். அந்த 'உண்மையா' என்ற சொல் இரண்டு நாள் அவளுக்குள் குத்திக்கொண்டிருந்தது.

"இனி அங்கை போகாதை," என்றான் கபிலன்.

"போகாட்டி நான்தான் செய்தனான் எண்டு ஆகிடும்."

அடுத்த வியாழக்கிழமை போனாள். பாதிச் சனம்தான் வந்திருந்தது. அல்பேர்ட்டும் வந்திருந்தார், வாஃபிள் இல்லாமல். தகப்பன் கலப்பை மாட்டிய இடத்தை யூலியாவுக்கு அவர் காட்டிவிட்டார். சரிவின் மேல் விளிம்பு, மூன்று பிர்ச் மரங்களின் அடி. மரங்கள் வளர்ந்த பிறகு அங்கே யாரும் உழவில்லை. இரண்டு நாள்தான் மிச்சம். யூலியா ஒரு சிறிய குழிக்குக் கயிறு கட்டி, நிலூஜாவைப் பார்த்து, "நீங்கள் தொடங்குவீர்களா?" என்று கேட்டாள். மன்னிப்பு என்று ஒரு சொல் அவள் சொல்லவில்லை. கேட்ட விதத்தில் அது இருந்ததா என்று நிலூஜாவால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"முதல்ல நான் ஃபோட்டோ எடுத்துக்கறேன்," என்றான் பிரதீப்.

"எடுங்கோ. எல்லாப் பக்கத்தாலையும் எடுங்கோ."

அன்று முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. வெள்ளி மதியம், மூன்று அடி ஆழத்தில், சாந்தகப்பை கல்லில் தட்டியது. ஒரு கல். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, ஒரே நேர்கோட்டில், மேற்பக்கம் தட்டையாக. யாரும் கை தட்டவில்லை. குழியைச் சுற்றி நின்றவர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கடைசியாக இங்கே யார் நின்றது?" என்று யூலியா கேட்டாள்.

நிலூஜா கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த மண்ணை விரலால் நோண்டினாள். பிர்ச் மரத்தின் வேர்கள், கட்டைவிரல் தடிப்பில், இரண்டு கற்களையும் இறுக்கிப் பிடித்தபடி கீழே இறங்கியிருந்தன. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"இதை ஒருத்தரும் கொண்டுவந்து வைக்கேலாது," என்று தமிழிலேயே சொன்னாள். பிரதீப் அதை யூலியாவுக்கு மொழிபெயர்த்தான்.

யூலியா குழிக்குள் இறங்கி வேரைத் தொட்டாள். கல்லைத் தொட்டாள். "அடித்தளம்," என்றாள் மெதுவாக. "பெரிய வீட்டின் அடித்தளம்." கட்டட அனுமதியை நிறுத்தி வைக்கும்படி அன்றே எழுதுவதாகச் சொன்னாள். நிலம் தப்புமா என்று இனித்தான் தெரியும். ஆனால் இலையுதிர் காலம் வரைக்கும் தோண்டலாம்.

அல்பேர்ட் குழியின் விளிம்பில் நின்று அழுதார். பிறகு நிலூஜா மேலே ஏற வசதியாகக் கையை நீட்டினார். "உங்களைப் பற்றி நான் சொன்னது..." என்று தொடங்கி, முடிக்காமல் நின்றார்.

அவள் அந்த வெறுங்கையை விரல் விரலாகப் பார்த்தாள். பற்றிக்கொள்ளவில்லை. ஏணியைச் சரித்து வைக்கும்படி பிரதீப்பிடம் சொல்லிவிட்டு, அடுத்த கல்லின் மண்ணைச் சுரண்டத் தொடங்கினாள்.